வார்டனம்மா அலிபிரி படியேறிய கதை

என் மனைவி லோயிஸ் யாரையும் நம்பமாட்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிலருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, இவளுக்குச் சந்தேகம் இருக்கிறது. அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க முடியாது. நான் அதோடு குடும்பம் நடத்திப் பழகிவிட்டேன்.

சித்தூரில் ஒரு மிஷன் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். லீவு முடிந்து பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு கேட்டுக்குள் நுழையும்போது எடுத்தவுடன் பெட்டியைத் திறக்கச் சொல்லமாட்டாள். ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாள். "இதுல துணி மட்டும் இல்ல" என்பாள். துணி மட்டும் இருக்காது. கேசியா என்று ஒரு பெண், ராகி மாவு டின்னுக்குள் செல்போனைப் புதைத்துக் கொண்டுவந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "பதினாலு வயசுப் பொண்ணு எதுனா வீட்லருந்து ராகி மாவ ஆசையா எடுத்துக்கினு வருமா?" என்றாள். நானும் ஆர்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்தான். ஆனால் என் சந்தேகம் டிக்கெட் கிழித்ததும் தீர்ந்துவிடும். இவளுடையது வீட்டுக்கும் கூட வரும்.

அந்தச் சந்தேகம் ஒரு உயிரையும் காப்பாற்றியிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹரிதா என்ற பெண் ஒருநாள் சாயங்காலம் சுருண்டு படுத்துக் கிடந்தது. என்னம்மா என்றால், "ஒண்ணுமில்ல மேடம்." வயிறு வலிக்கிறதா என்றால், "ஒண்ணுமில்ல மேடம்." லோயிஸ் அதை அப்படியே அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது. நகரிப் பக்கம் கரும்பு போடுகிற அந்தப் பெண்ணின் தகப்பனார் தணிகாசலம் இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் சாத்திவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து உலகத்திலேயே லோயிஸுக்குப் பிடிக்காத வார்த்தை 'ஒண்ணுமில்ல'.

அந்த வார்த்தையைத்தான் எங்கள் மகள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் தபிதா வேலூரில் நர்சிங் படித்தாள். அங்கேயே லேப் டெக்னீஷியன் படிப்புக்கு நேபாளத்து மலையிலிருந்து வந்திருந்த சுமன் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றாள். நல்ல பையன். அங்கேயுள்ள தமிழ் சர்ச்சில் பிரசங்கம் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டவன், அதனால் மேடையில் பேசுகிறவர்களைப் போலத்தான் பேசுவான். லோயிஸ் அவனை ஒரு கையால் தூக்கிப் பார்க்காத குறைதான். கடைசியில் சம்மதித்தாள். ஆனால் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தும் அவனை 'மாப்பிள்ளை' என்று வாய் நிறைய ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'அந்த ஆளு' என்பாள். இருவரும் அவனுடைய மலைக்கே போய், அங்கேயுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வர வேண்டும். இதில் இந்து கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. லோயிஸ் ஏழாம் மாதத்துக்கே கட்டிலை வெயிலில் போட்டு, பூண்டு உரித்து, பழைய நூல் புடவைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். தபிதா வரவில்லை. "லீவு கெடைக்கலம்மா" என்றாள். பிள்ளை அங்கேயே பிறந்தது. ஆண் குழந்தை. போனில்தான் பார்த்தோம்.

"ஆஸ்பத்திரில வேல பண்றவளுக்குப் பிரசவத்துக்கு லீவு இல்லியா? யார் காதுல பூ சுத்தறா?" என்றாள் லோயிஸ்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுவர் அவள் கண்ணில் பட்டது. தபிதா ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடியோவில் வருவாள். அங்கே சனிக்கிழமைதான் லீவு நாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் ஒரே நீலச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். சமையல்கட்டைக் காட்டு என்றால் சிக்னல் இல்லை. தொட்டிலைக் காட்டு என்றால் வெளிச்சம் இல்லை.

"ஆறு மாசமா ஒரே செவுருங்க. அந்தச் செவுத்துக்குப் பின்னாடி இன்னாமோ இருக்குது."

"இன்னாடி இருக்கும்? வீடுதான் இருக்கும்."

"வீடு இருந்தா காட்டமாட்டாளா?"

உண்மையைச் சொன்னால், அவள் சொன்னபிறகு நானும் மகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். சந்தேகமும் ஒட்டுவாரொட்டிதான்.

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். இங்கேதான் குழப்பம். மகள், "வேணாம்மா, வராத. ரோடு போற எடத்துலருந்து பாதி நாள் மலையில ஏறணும். உன்னால முடியாது" என்றாள். மாப்பிள்ளையோ, "அவசியம் வாருங்கள் அம்மா. பழகினால் முடியும். நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்" என்று வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்ப ஆரம்பித்தான்.

"பொண்ணு வராதன்றா, அந்த ஆளு வா வான்றான். ரெண்டுல ஒண்ணு பொய்" என்றாள் லோயிஸ். எது பொய் என்று தெரியாமல் அவளுக்கு நாலு நாள் தூக்கமில்லை. ஏற முடிந்தால் மகளைக் கண்ணால் பார்க்கலாம், முடியாவிட்டால் அந்தச் சுவரோடு சரி. அது மட்டும் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு சந்தேகம் தயாராக இருந்தது. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், வோட்டர் கார்டே போதும் என்றான். "விசா இல்லாம எந்த நாட்லங்க உள்ள விடுவான்? பாதி வழில நிக்க வெக்கறதுக்கா?" என்று பாஸ்போர்ட்டே எடுத்துக்கொண்டாள். கனமான ஒரு ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிசாக மூன்று உடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், ஏறும்போது வேர்த்தால் கழற்றலாம் என்றான். அதை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பருத்திக் காலுறை ஈரத்தை விடாது, கொப்புளம் வரும், கம்பளி வாங்குங்கள் என்றான். அதையும் கேட்டாள். மலை உயரத்துக்கான மாத்திரையை டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது என்று அவனே சொன்னபோது மட்டும், "இத நான் கேக்கறதுக்கு முந்தி அவனே ஏன் சொல்றான்?" என்று முகத்தைச் சுளித்தாள். பை எட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கணக்கு புரியுதா உங்களுக்கு? பை சின்னதா இருந்தா சீக்கிரம் திரும்பிப் பூடுவாங்கன்னு பாக்கறான்."

ஹாஸ்டலில் அவளுக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்பாள். மூன்று நாள் கழித்து, எதுவும் நடக்காதது போல அதே கேள்வியை மறுபடி கேட்பாள். பதில் மாறினால் பிடித்துவிடுவாள். மாப்பிள்ளையிடமும் அதையே செய்தாள். பூட்ஸ் எப்படிப்பட்டது வாங்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாள், புதன்கிழமை மறுபடி கேட்டாள். இரண்டு தடவையும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் அம்மா. பூட்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலையில் கால்தான் உயிர்."

"அப்ப நெசந்தான் சொல்றான்" என்றேன்.

"ரெண்டு வாட்டியும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா சொல்றான்னா மனப்பாடம் பண்ணிக்கினு சொல்றான்" என்றாள். இவளிடம் எந்த மாப்பிள்ளை பாஸாவான்?

பூட்ஸைத் திருப்பதியில் ஒரு கடையில் வாங்கினோம். புது பூட்ஸோடு மலைக்கு வரக்கூடாது, பழசாகும்வரை போட்டு நடக்க வேண்டும் என்று உத்தரவு. படி ஏறிப் பழக வேண்டும் என்பதும் உத்தரவு. அதுவும் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில். பேச்சு நின்று மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தமாம்.

படிக்கு எங்கே போவது? சித்தூரில் மொட்டை மாடிக்கு இருபது படி இருந்தால் அதிகம். சந்திரகிரிக் கோட்டைக்குப் போய்ப் பார்த்தோம், பாறையில் வழுக்கி என் முழங்கால்தான் தேய்ந்தது. எங்கள் பக்கத்தில் முறையாகக் கட்டி, கூரை போட்டு, நிழலும் தண்ணீருமாக மூவாயிரத்துச் சொச்சம் படி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அலிபிரி. திருமலைக்கு நடந்து போகிறவர்கள் ஏறுகிற படி.

"நாம எப்டிங்க அங்க போறது?" என்று முதலில் அவள்தான் தயங்கினாள்.

"படி ஏறுவோம். மேல போய் ஒரு டீ குடிப்போம். பஸ் புடிச்சி எறங்கிடுவோம். கோயிலுக்குள்ளயா போறோம்?" என்றேன். எத்தனையோ தடவை டியூட்டியில் மேலே பஸ்ஸில் போய் வந்தவன் நான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

புதனும் சனியும் என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாலைந்து படி ஏறினாள். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். வேண்டுதல். மேலே வரைக்கும் எல்லாப் படிக்கும் வைப்பார்கள். லோயிஸின் பூட்ஸை அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். லோயிஸ் அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அவ முதுகொடிய குனிஞ்சி வெக்கற மஞ்ச மேல நான் பூட்ஸ் கால வெக்கறதா? யார் சாமியா இருந்தா இன்னா?" என்றாள். அன்றிலிருந்து வெறுங்காலோடுதான் ஏறினாள்.

பூட்ஸைப் பழசாக்குகிற வேலை வீட்டில் நடந்தது. நைட்டியும் பூட்ஸுமாகச் சமையல்கட்டில் நின்று சாம்பார் தாளிப்பாள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் கறிவேப்பிலை கேட்க வந்தவள், அதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே திரும்பிப் போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, வார்டனம்மாவுக்குக் காலில் ஏதோ வியாதி என்று பேச்சு.

அது போகட்டும். பெரிய வம்பு சர்ச்சில் வந்தது.

சனிக்கிழமை படி ஏறினால் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து. எங்கள் சர்ச்சில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அதை வாங்க எல்லாரும் முன்னால் போய் வரிசையாக மண்டியிட வேண்டும். மண்டியிட்டால் உள்ளங்கால் இரண்டும் பின்னால் உட்கார்ந்திருக்கிற சபைக்கு நேராகத் தெரியும். லோயிஸ் மண்டியிட்டாள். பாதம் இரண்டும் மஞ்சளாக, குதிகால் வெடிப்புகளில் குங்குமம் ஏறிச் சிவப்பாக இருந்தது. ராத்திரி கல் போட்டுத் தேய்த்துத்தான் இருந்தாள். அலிபிரி மஞ்சள் அவ்வளவு லேசில் போகாது.

எனக்குப் பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பாட்டுச் சத்தம் ஒரு மாத்திரை குறைந்து, பிறகு தேவைக்கு மேல் கூடியது.

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே ஆசிர் வந்துவிட்டான். லோயிஸின் சித்தப்பா மகன், சபைக் கமிட்டியில் இருக்கிறவன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டான். எல்லாவற்றையும் வாயில்தான் வைத்துக்கொள்வான்.

"அக்கா, நேரா கேக்கறேன். பேரப்பிள்ளைக்கு எதுனா வேண்டுதலா?"

"இன்னா வேண்டுதல்?"

"ஏழுமலைக்கு. உன் கால சபையே பாத்துது. அதுவும் நேத்து சனிக்கிழமை. அவங்களுக்கு விசேஷமான நாளு."

லோயிஸ் எழுந்து நின்றாள். முப்பது வருஷம் மற்றவர்களை விசாரித்தவள். அவளை யாரும் இப்படி நிற்கவைத்துக் கேட்டதில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

"மலையேறிப் பழகறேன்டா. தபிதா வூட்டுக்குப் போவ."

"இமயமலைக்குப் போறதுக்கு யாருனா திருமலைல பழகுவாங்களாக்கா?"

"வேற எங்கடா பழகுவாங்க? உன் வூட்டு மாடிலயா?"

"பூட்ஸ் வாங்கினதா கேள்விப்பட்டேன். பூட்ஸ் போட்டு ஏறினா கால்ல எப்டி மஞ்ச ஒட்டும்?"

நல்ல கேள்வி. லோயிஸே ஹாஸ்டலில் இப்படித்தான் கேட்பாள். அந்தப் பெண்ணையும் மஞ்சள் தட்டையும் பற்றி அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் போலக் கேட்டிருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. ஆசிர் தலையாட்டிய விதத்தில் அவன் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. சிரித்திருந்தால் இன்றைக்கு இதைச் சொல்ல நான் இருந்திருக்கமாட்டேன்.

"மச்சான், வர்ற சனிக்கிழம நீயும் வா. கண்ணால பாத்துட்டு சபைக்குச் சொல்லு" என்றேன்.

வந்தான். முதல் பஸ்ஸில் மூவரும் திருப்பதி போய், அலிபிரி சேர்ந்தோம். அடிவாரத்தில் பைகளை மெஷினில் விட்டுச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். எட்டுக் கிலோ பழக்கத்துக்காக லோயிஸ் பைக்குள் அரிசிப் பொட்டலங்களை அடுக்கியிருப்பாள். அது எனக்குத் தெரியும். அன்றைக்குப் பணியில் இருந்த பெண் தாட்சாயணி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். மெஷின் திரையைப் பார்த்தாள், லோயிஸைப் பார்த்தாள், பையைத் திறக்கச் சொன்னாள்.

"ஏமம்மா, இந்த்த பிய்யம் எந்துக்கு?" இவ்வளவு அரிசி எதற்கு என்று தெலுங்கில் கேட்டாள். "முடுப்பா?" என்றும் கேட்டாள். சாமிக்கு முடிந்து வைத்த காணிக்கையா என்று அர்த்தம்.

ஆசிர் என்னைப் பார்த்தான். பார்த்தாயா மாமா, நான் சொன்னேன் அல்லவா என்ற பார்வை.

"காதம்மா. ப்ராக்டீஸு" என்றாள் லோயிஸ், இல்லை என்று தலையாட்டி.

பிறர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொன்னவளின் பையை வேறொருத்தி கவிழ்த்து மேஜைமேல் அடுக்கினாள். அரிசிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், டார்ச், அவளுடைய பூட்ஸ். அதற்கு அடியில் துண்டில் சுற்றிய இன்னொரு ஜோடி பூட்ஸ். புத்தம் புதுசு. கடையில் கட்டின காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"இது யாருதுக்கா?" என்றான் ஆசிர்.

நான் எடுத்து அடிப்பக்கம் பார்த்தேன். ஆறாம் நம்பர். லோயிஸுக்கு நாலு, எனக்கு எட்டு. ஜூன் மாதம் ஸ்கூல் திறக்கும்போதெல்லாம் கடைக்குக் கூட்டிப்போய் ஷூ வாங்கிக் கொடுத்தவன் நான். எங்கள் வீட்டில் ஆறாம் நம்பர் கால் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

தாட்சாயணி எல்லாவற்றையும் பைக்குள் போட்டு, "கோவிந்தா கோவிந்தா, நிதானமா போங்கம்மா" என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினாள்.

எங்களோடு வெறுங்காலில் ஏறிய ஆசிர் கொஞ்சம் பின்தங்கியதும் கேட்டேன். "தபிதாவ இட்டுக்கினு வரப் போறியா?"

"ஏறும்போது பேசிக்கினே ஏறணும்னுதானே சொன்னான். பேசுங்க."

"வெளையாடாத. பிள்ளைய பாக்கப் போறோம்னுதானே சொன்ன?"

"பாக்கத்தான் போறோம். பாத்துட்டு, அங்க நெலம சரியில்லன்னா பிள்ளையோட இட்டுக்கினு வந்துடுவேன். அவகிட்ட மல எறங்கறதுக்கு நல்ல பூட்ஸ் இருக்குதோ இல்லியோ. அந்த ஆளு ஒளிச்சி வெச்சிட்டான்னா?"

என் முழங்கால் வலி மறந்துபோனது. இவள் இத்தனை நாளாகப் பழகியது போவதற்காக அல்ல. மகளைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவதற்காக. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அதைவிட, அவள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தில் எனக்குத்தான் பேச்சு நின்று மூச்சு வாங்கியது.

பாதி வழிக்கு மேலே இருக்கிற காலிகோபுரம் வந்ததும் ஆசிர் ஒரு கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டான். சட்டை பிழிந்தெடுக்கலாம் போல இருந்தது. கமிட்டி ஆளுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "நம்பறேன்க்கா, நம்பறேன். இது வேண்டுதல் இல்ல, தண்டன" என்றான். மூவரும் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது தபிதாவின் சனிக்கிழமை வீடியோ வந்தது. அதே நீலச் சுவர். மடியில் குழந்தை.

"எங்கம்மா இருக்கற? பின்னாடி இன்னா கோபுரம்?"

நான் விளக்குவதற்குள் ஆசிர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

"தபிதா! உங்கம்மாவ பத்தி நான்தான் தப்பா நெனச்சிட்டேன். எப்டி ஏறுது தெரியுமா! உனக்குக்கூட பூட்ஸ் வாங்கி முதுவுல சுமந்துக்கினு ஏறுது!"

தபிதாவின் முகம் மாறியது.

"எனக்கு எதுக்கும்மா பூட்ஸ்?"

லோயிஸ் போனை வாங்கினாள். மகளை ஏமாற்ற அவளுக்கு வராது.

"உன்ன இட்டுக்கினு வர்றதுக்கு. தலைப்பிரசவத்துக்கு அனுப்பல. லீவு இல்லன்ன, நான் நம்பல. பிள்ள பொறந்ததுலருந்து இந்த ஒரு செவுரதான் காட்டற. இதுக்குப் பின்னாடி உன்ன இன்னா பண்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

"ஒண்ணுமில்லம்மா."

"அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத!"

மேலே போகிற கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டியது. தபிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, பாரு" என்று எழுந்தாள். போனைத் திருப்பினாள்.

இரண்டு கை அகலத்தில் அந்தச் சுவர் முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வீடு இல்லை. மலை சரிந்து இறங்கிய சிவப்பு மண்ணும் பாறையும் அடிவரைக்கும் கிடந்தது. ஒரு ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று.

"போன மழைல மல எறங்கிடுச்சும்மா. ரெண்டு ரூமு, அடுப்படி எல்லாம் போச்சு. நாங்க ட்யூட்டில இருந்தோம், தப்பிச்சோம். ரோடும் போச்சு, அதான் பிரசவத்துக்கு வர முடியல. இந்தச் செவுரு ஒண்ணுதான் மிச்சம்." அவள் அழுதாள். "டின் ஷெட்ல இருக்கறோம். நீ வந்தா உன்ன எங்கம்மா படுக்க வெப்பேன்? அதான் வராதன்னேன். அவரு மட்டும்தான், அம்மா வந்தா நீ அழமாட்டன்னு வரச் சொல்லிக்கினே இருந்தாரு."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அன்னிக்கே ஓடி வந்து என்ன இட்டுக்கினு பூடுவ. ஹாஸ்டல்ல பொட்டிய தொறக்கற மாதிரி என் வூட்டயும் தொறந்து பாப்ப. நான் வந்துட்டா அவரு தனியா எப்டிம்மா கட்டுவாரு?"

லோயிஸ் சந்தேகப்பட்டது சரி. சுவருக்குப் பின்னால் இருந்ததுதான் வேறு. நான் அவள் தோளைத் தொட்டேன், அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவில் ஒருவன் ஏறி வந்துகொண்டிருந்தான். முதுகில் கூடை, கூடை நிறையக் கல், அதன் பட்டை நெற்றியில் மாட்டியிருந்தது. சுமன்தான். இளைத்துப்போயிருந்தான். போனைக் கண்டதும் கூடையோடு நின்று சிரித்தான்.

"வணக்கம் அம்மா. படி பழகுகிறீர்களா? பூட்ஸ் நன்றாக இருக்கிறதா? கொப்புளம் வந்ததா?"

லோயிஸின் கண் அவன் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. பெட்டியைச் சோதிக்கிற அதே கண். அது அவன் காலில் போய் நின்றது. ரப்பர் செருப்பு. ஒன்றின் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. விரலெல்லாம் மண்ணும் காயமுமாக இருந்தது.

"உங்க பூட்ஸ் எங்க?" என்றாள்.

"வீட்டோடு போய்விட்டது அம்மா. ஒன்றுமில்லை. இது போதும்."

பூட்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று இரண்டு தடவை அச்சடித்தது போலச் சொன்னவன் இவன்தான். லோயிஸ் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். திரையில் ஒன்றும் இல்லை, ஈரம் அவள் கண்ணில்தான் இருந்தது.

"மாப்பிள்ள, உங்க கால் சைஸ் இன்னா?"

அவன் ஒரு நிமிஷம் தடுமாறினான். என்ன கேட்டார்கள் என்பதாலா, எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதாலா தெரியவில்லை.

"ஒன்பது, அம்மா."

மீதிப் படிகளையும் அவள் அன்றைக்கே ஏறி முடித்தாள். அடுத்த நாள் ஆசிர் சர்ச்சுக்குக் காலுறை போட்டுக்கொண்டு வந்தான்.

மூன்று நாள் கழிந்தது. வழக்கப்படி அதே கேள்வியை மாப்பிள்ளையிடம் மறுபடி கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு, "திருப்பதிக்குப் போய் இந்த ஆற மாத்தி ஒம்போது வாங்கிக்கினு வந்துடலாம், வாங்க" என்றாள்.

"சைஸு இன்னொரு வாட்டி கேட்டுக்கலாமா?" என்று சீண்டிப் பார்த்தேன்.

"அதான் சொல்லிட்டாரே" என்றாள்.